முட்டி எண்ணெய் நேரம்

எங்கள் தெருவில் எனக்கு ரேடியோக்காரர் என்று பேர். நான் பார்ப்பது புல் வெட்டுகிற வேலை.

ஊருக்கு வெளியே, பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டினால் ஒரு பெரிய மைதானம் வரும். அதன் நடுவில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பம். பேசுகிறவர்கள், பாட்டுப் போடுகிறவர்கள் எல்லோரும் ஊருக்குள்ளே ஸ்டுடியோவில் இருக்கிறார்கள். அங்கிருந்து பூமிக்கடியில் ஒரு கேபிள் வழியாகச் சத்தம் எங்கள் மைதானத்துக்கு வரும். கம்பம் அதை வானத்தில் ஏற்றிவிடும். பதினொரு வருஷமாக அந்தக் கம்பத்தைச் சுற்றிப் புல் வெட்டுகிறேன். ஸ்டுடியோவின் வாசற்படியை ஒரு தடவைகூட மிதித்ததில்லை. இதைத் தெருவில் ஒருத்தருக்கும் விளக்கிச் சொல்லி முடித்ததில்லை.

"என்ன ரேடியோக்காரரே, காலையில செய்தி வாசிச்சது நீங்களா? தொண்டை கட்டின மாதிரி இருந்துச்சே" என்று முடிவெட்டுகிறவர் கேட்பார். கடையில் இருக்கிற நாலு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு வருவேன்.

புல்லுக்கு ஏன் தனியாக ஒரு ஆள் என்றால், அந்தக் கம்பம் முழுக்க மின்சாரம். அடியில் பீங்கான் பீடம் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். புல் இடுப்பு உயரம் வளர்ந்து, காற்றில் சாய்ந்து கம்பத்தைத் தொட்டால் நுனியில் நீலமாகப் பொரியும். பொரியும்போது பாடும். சத்தியமாகச் சொல்கிறேன். அந்த நேரத்தில் ரேடியோவில் என்ன போகிறதோ அது புல்லின் நுனியிலிருந்து கொசு பாடுகிற மாதிரி சன்னமாக வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டுவிட்டு ஓடியே போனேன். பிறகு பழகிவிட்டது. கம்பத்தைச் சுற்றியிருக்கிற வேலிக்கு அந்தப் பக்கம் ரெண்டு கொத்துப் புல்லை வெட்டாமல் விட்டுவைப்பேன். காற்றடித்தால் எனக்கு ஒரு வரிப் பாட்டு. பெரிய சார் பார்த்தால் திட்டுவார். பெரிய சார் என்றால் கம்பத்தைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர். சின்ன சார் என்று யாரும் கிடையாது. முன்னே இருந்தார், எடுத்துவிட்டார்கள்.

இனி என் மச்சினன் கதைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரியின் தம்பி. அப்பா அம்மா போனபிறகு எங்களோடுதான் இருந்தான். இருபத்திரண்டு வயது. வாயைத் திறந்து பேசுவதைவிட வாயைக் குவித்து விசிலடிப்பதுதான் அதிகம் என்பதால் விசில் என்றே அவனுக்குப் பேர் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் இருந்த ரேடியோ அவன் அப்பாவுடையது. கைப்பிடி உடைந்து, அதற்குப் பதில் சணல் கயிறு கட்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நேயர் விருப்பம். அவனுக்கு ஒரு பாட்டு உண்டு. ஆரம்பத்திலேயே விசில் வரும். விசில் பாட்டு என்போம். எனக்கு ஒரு பாட்டு உண்டு. ஆற்றில் படகு போகிற மாதிரி மெதுவாக ஆடி ஆடிப் போகும். படகுப் பாட்டு. அது அவனுக்கு ஆகவே ஆகாது. "மாமாவோட படகு கரை சேர்றதுக்குள்ள எனக்குத் தாடி வளர்ந்துடும்" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் வெயிலில் குனிந்து நிமிர்ந்த முதுகு. படுத்துக்கொண்டு கேட்கிறேன். நாலு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் படகுப் பாட்டு வருகிறது. ரெண்டாவது வரி முடிவதற்குள் அவன் குமிழைத் திருப்பிவிட்டான். வேறு எங்கேயோ கொரகொரவென்று. விளையாட்டுக்குத்தான் செய்தான். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, எழுந்து ஒரு அறை விட்டேன். அதோடு விட்டிருக்கலாம்.

"என் சோத்தைத் தின்னுட்டு என் பாட்டையே திருப்புறியா?"

அவன் எழுந்தான். ரெண்டு சட்டையைப் பையில் போட்டான். நான் வாங்கிக் கொடுத்த போனை எடுத்து ஜன்னலில் வைத்தான். அவன் அப்பாவின் ரேடியோவைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டான். போய்விட்டான்.

"அடிச்சதைக்கூட மறந்துடுவான்" என்றாள் என் வீட்டுக்காரி. "சோத்தைச் சொன்னீங்களே." அதற்கு மேல் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தெரிந்த இடமெல்லாம் விசாரித்தோம். லாரியில் ஏறினான் என்று ஒருத்தர், கப்பல் ஊருக்குப் போனான் என்று ஒருத்தர். கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு தகவலும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகமாட்டார்கள். கடிதம் போடமாட்டார்கள். அப்படிச் செய்தால் செய்தவன் இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும். நேயர் விருப்பத்துக்கு ஒரு கார்டு போடுவார்கள். மற்றவனுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டு, விரும்பிக் கேட்டவர்கள் என்ற இடத்தில் ரெண்டு பேர் பேரையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். அறிவிப்பாளர் அம்மா ரெண்டு பேரையும் ஒரே மூச்சில் படிப்பார். அவ்வளவுதான். மறுநாள் எதிரில் பார்த்தால் சிரித்துக்கொள்ளலாம். யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை. கொத்தனார் வீட்டு அண்ணன் தம்பி ஆறு வருஷப் பகையை அப்படித்தான் தீர்த்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை அவன் எங்க இருந்தாலும் கேட்பான்" என்றாள் வீட்டுக்காரி. "விசில் பாட்டைக் கேட்டு ஒரு கார்டு எழுதுங்க. என் பேர் மட்டும் வந்தா அக்கா அழுதிருக்கான்னு நினைப்பான். உங்க பேரு முதல்ல வரணும். அப்புறம் என் பேரு, அப்புறம் அவன் பேரு."

"எழுதினாப் போதுமா, அவங்க போடணுமே?"

"ஏங்க, நீங்க அங்கதானே வேலை பாக்குறீங்க. பதினொரு வருஷமா வெயில்ல காயறீங்க, ஒரு பாட்டுப் போடச் சொல்ல முடியாதா?"

என்ன சொல்லுவேன்? பதினொரு வருஷமாக ரேடியோக்காரர் என்று கூப்பிடும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தவன் நான்தானே.

கார்டை நானே எழுதினேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றவன் என்பதால் ஒரு கார்டுக்கு ஒரு சாயங்காலம் ஆனது. மூன்று பேர் பேரும் ஒழுங்காக வந்ததா என்று வீட்டுக்காரி ரெண்டு தடவை பார்த்தாள். தபாலில் போட்டால் தாமதமாகும் என்று நேராகப் பெரிய சார் கையிலேயே கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நீயும் பாட்டுக் கேட்க ஆரம்பிச்சிட்டியா புல்லு? சரி வை, போயிடும்."

வைத்தேன்.

எங்களிடம்தான் ரேடியோ இல்லையே. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலுக்குக் கீழே போய் நின்றோம். அஞ்சு பாட்டு வந்தது. எங்களுடையது இல்லை. அடுத்த வாரம் மூன்று பாட்டு. நடுவில் ஒருத்தர் வந்து காலி மனை விற்றார். அதற்கு அடுத்த வாரம் அறிவிப்பாளர் அம்மா குரலே இல்லை. பேர் எதுவும் படிக்கவில்லை. ஒரு பாட்டை ஆரம்பித்து, பல்லவி முடிந்ததும் கழுத்தைத் திருகின மாதிரி நிறுத்திவிட்டு, ஒரு ஆள் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"வணக்கம் நேயர்களே. உங்கள் முட்டி உங்களோடு பேசுகிறதா?"

எண்ணெய் வைத்தியர். முட்டி வலிக்கு எண்ணெய் விற்கிறவர். முதலில் வாரநாளில் மட்டும்தான் வந்தார். நான் சேர்ந்தபோது காலையில் ரெண்டு மணி நேரம் பாட்டு, மத்தியானம் ஒரு மணி நேரம், சாயங்காலம் முழுக்கப் பாட்டு. காலைப் பாட்டை மனை விற்கிறவர் தின்றார். சாயங்காலத்தைக் கடன் கொடுக்கிறவர்கள் தின்றார்கள். மத்தியானம் எண்ணெய்க்காரருக்குப் போனது. மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம். அதிலும் வந்து எண்ணெயை ஊற்றிவிட்டார்.

"உங்க ஆபீசுல எல்லாருக்கும் முட்டி வலியா?" என்று தையல்காரம்மா ஜன்னல் வழியாகக் கேட்டார். "காலைலேருந்து முட்டி முட்டின்னு கத்துறான். எனக்கு நல்லா இருந்த முட்டியும் வலிக்குது. நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"சொல்றேன்மா" என்றேன்.

மறுநாள் பெரிய சாரிடம் கேட்டேன். அவர் பெட்டி பெட்டியாக இருக்கிற மீட்டர்களைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஞாயித்துக்கிழமைப் பாட்டையும் நிறுத்திட்டாங்களே."

"பாட்டுப் போட்டா பாட்டுக் கம்பெனிக்கு நாம பணம் கட்டணும். எண்ணெய்க்காரர் பேசினா அவர் நமக்குக் கட்டுறாரு. நீயா இருந்தா எதைப் போடுவே?"

"பாட்டைத்தான் போடுவேன் சார்."

"அதனாலதான் நீ புல்லு வெட்டுறே" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "நான் மட்டும் என்ன பண்றேன்? பெரிய படிப்புப் படிச்சிட்டு அவரு முட்டியை வானத்துல ஏத்திக்கிட்டு இருக்கேன்."

வீட்டுக்காரி விடவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பன்னிரண்டு மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே போய் நிற்பாள். ஒரு பாட்டு வரும், அதுவும் அரைப் பாட்டு. பிறகு முட்டி. திரும்பி வந்து என்னைப் பார்ப்பாள். கேட்கமாட்டாள். அந்தப் பார்வைக்கு நான் ஒரு நாள் கத்தினேன். "நான் என்ன ஸ்டுடியோவுலயா உக்காந்திருக்கேன்? நான் புல்லு வெட்டுறவன்டி! கம்பத்துல ஏறிப் பார்த்திருக்கேனா, கண்ணாடிக்குப் பின்னாடி பேசியிருக்கேனா? புல்லு! புல்லு!"

"தெரியும்" என்றாள். "உங்க செருப்புல ஒட்டிக்கிட்டு வர்றதை நான்தானே கூட்டுறேன். தெருவுக்கு எதுக்கு அதைச் சொல்லணும்னு விட்டேன்."

செருப்பை எடுத்து வாசலில் தட்டினேன்.

மைதானத்துக்குப் போனால் அங்கேயும் விடுதலை இல்லை. விட்டுவைத்த ரெண்டு கொத்துப் புல் காற்றில் சாய்ந்து கம்பத்தைத் தொட்டு, நீலமாகப் பொரிந்து, சன்னமாக "முட்டி, முட்டி" என்றது. அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

சில வருஷம் முன்பு ஒரு பெருமழையில் ஸ்டுடியோ கேபிள் அறுந்துபோனது. கேபிள் போய்விட்டால் ரேடியோ ஊமையாகிவிடக்கூடாது என்று எங்கள் அறையிலேயே ஒரு பாட்டுத் தட்டு தயாராக வைத்திருப்பார்கள். பெரிய சார் அதைப் போட்டுவிட்டார். சரிசெய்கிறவரை அரை நாள், ஒருத்தர் பேச்சும் இல்லாமல் பாட்டு, பாட்டு, வெறும் பாட்டு. பன்னிரண்டு பாட்டு. அதில் மூன்றாவது விசில் பாட்டு. எனக்கு நன்றாக நினைவிருந்தது.

பேரைப் படிக்க முடியாதுதான். ஆனால் நேயர் விருப்ப நேரத்தில் திடீரென்று எண்ணெய்க்காரர் நின்று, விசில் பாட்டு வந்தால்? மாமா அந்தக் கம்பத்தடியில் நிற்கிறவர் என்று அவனுக்குத் தெரியும். அவன் மண்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு நானாகப் போனேன். புல் ரொம்ப வளர்ந்திருக்கிறது என்றேன். வீட்டுக்காரியிடம் மட்டும், "பன்னிரண்டு மணிக்குத் தையல்காரம்மா வீட்டுக்குப் போ. ஜன்னலுக்குக் கீழே நிக்காதே, உள்ள போய் உக்காந்து கேளு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேபிள் பூமியை விட்டு வெளியே வருகிற இடம் மைதானத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு முழம் மட்டும் வெளியே தெரிந்து ஒரு இரும்புப் பெட்டிக்குள் போகும். அதைச் சுற்றிப் புல் வெட்டும்போது மிஷினை நிறுத்திவிட்டு அரிவாளால் வெட்ட வேண்டும் என்பது சட்டம். பன்னிரண்டு அடித்தது. மிஷினை நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன். கடக்கென்று ஒரு சத்தம். கை அதிர்ந்தது.

ஓடினேன். பதினொரு வருஷத்தில் அந்த மைதானத்தில் நான் ஓடியது அது ரெண்டாவது தடவை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று அடித்தது. புல் சாய்ந்தது. நுனியில் வெறும் இரைச்சல். கேபிள் போய்விட்டது. இப்போது பெரிய சார் எழுந்திருப்பார். இப்போது தட்டை எடுப்பார். இப்போது போடுவார். முதல் பாட்டு, ரெண்டாவது பாட்டு, அப்புறம்...

புல் பொரிந்தது.

"வணக்கம் நேயர்களே. உங்கள் முட்டி உங்களோடு பேசுகிறதா?"

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய சார் வந்து வெட்டுப்பட்ட கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது மிஷின் வெட்டினதா, நீ வெட்டினதா?"

"அந்தப் பாட்டுத் தட்டு எங்க சார்?"

"எந்தத் தட்டு?"

"கேபிள் போனாப் போடறது. பன்னிரண்டு பாட்டு."

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தலையில் கை வைத்துக்கொண்டார். "அதை எடுத்து ஆறு மாசம் ஆச்சுய்யா. அவரு நேரத்துல கேபிள் போனாலும் அவரு பேச்சுதான் போகணும்னு எழுதி வாங்கியிருக்காரு. இங்கேயும் அவரு தட்டுதான்." பிறகு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். மச்சினன், சோறு, கார்டு, எல்லாம். அவர் கேபிளின் நுனியை ரொம்ப நேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"மேல சொன்னா உன் வேலை போயிடும். மிஷின் தவறிப்போச்சுன்னு எழுதிடறேன். பத்து நாள் இந்தப் பக்கம் வராதே, என் கண்ணுல படாதே. போறதுக்கு முன்னாடி அந்தப் பம்ப் ஷெட்டைக் காலி பண்ணிடு. வேற சாமான் வைக்கணும். அந்த மூட்டைக் குப்பையைக் கொளுத்திடு."

"எந்த மூட்டை?"

"நீ கட்டி வெச்ச மூட்டைதான்."

நேயர் விருப்பக் கார்டுகளுக்கு ரேடியோவில் சொல்கிற தபால் பெட்டி எண் எங்கள் மைதானத்துடையது. ஆதியில் ஸ்டுடியோவும் இங்கேயே இருந்ததாம். அது ஊருக்குள் போனபிறகும் எண்ணை யாரும் மாற்றவில்லை. தபால்காரர் கொண்டுவந்து போடுவார். நான் கோணியில் அள்ளிக் கட்டி வைப்பேன். திங்கள்கிழமை வேன் வந்து எடுத்துப் போகும். ஒரு நாள் வேன் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. பெரிய சார் ஷெட்டில் வைக்கச் சொன்னார், வைத்தேன். அவர் ஊருக்குள் போகும்போது எடுத்துப் போவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"அப்போ இதெல்லாம் ஸ்டுடியோவுக்குப் போகவே இல்லையா சார்?"

"போனா அங்க வாங்க யாரு இருக்கா? அந்த அம்மாவை அனுப்பி எத்தனை நாளாச்சு. ஒரு கம்ப்யூட்டர் இருக்கு, அது கார்டு படிக்காது."

நாலு மூட்டை. அடியில் இருந்ததைக் கரையான் ஒரு பக்கம் தின்றிருந்தது. கொளுத்தத்தான் போனேன். என் கார்டும் இதில்தானே இருக்கும், ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எழுதியது, அதை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று மேல் மூட்டையைக் கொட்டினேன். இருந்தது. பெரிய சார் கையிலிருந்து அது நேராக மூட்டைக்குத்தான் போயிருக்கிறது.

எடுத்துச் சட்டைப்பையில் வைக்கும்போது கண் பக்கத்துக் கார்டில் விழுந்தது. படிக்கத் தெரிந்தபிறகு இது ஒரு தொல்லை, எழுத்தைப் பார்த்தால் விடமுடியாது. யாரோ மகளுக்கு. யாரோ கூட வேலை பார்த்தவனுக்கு. ஒரு கார்டில் பதினேழு பேர் பேர். எல்லாருக்கும் ஒரே பாட்டு. ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். மூன்றாவது மூட்டையில் பாதி வந்திருப்பேன். ஒரு கார்டில் என் பேர் இருந்தது.

என் பேர் ஊரில் இன்னும் பத்துப் பேருக்கு இருக்கும். அடுத்தது என் வீட்டுக்காரி பேர். அதற்கடுத்தது அவன் பேர். நான் எழுதிய அதே மூன்று பேர், அதே வரிசை. எழுத்து மட்டும் என்னுடையது இல்லை. அவனுடையது. சாய்ந்து சாய்ந்து ஓடும்.

விரும்பும் பாட்டு என்ற இடத்தில் முதல் வரி எழுதியிருந்தான். உதட்டை அசைத்துப் படித்தேன். ரெண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. படகுப் பாட்டு.

அந்த மூட்டையை முழுக்க உதறினேன். இன்னும் ரெண்டு கிடைத்தது. எல்லாம் படகுப் பாட்டு. கடைசிக் கார்டின் ஓரத்தில், "இது மூன்றாவது முறை. தயவுசெய்து போடவும்" என்று எழுதியிருந்தான். கீழே அனுப்புநர் முகவரி. கப்பல் ஊர், ஒரு லாரி ஷெட். முதல் கார்டில் முத்திரை விழுந்த தேதியைப் பார்த்தேன். அவன் போய் ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. அப்போது ஞாயிற்றுக்கிழமை அஞ்சு பாட்டும் வந்துகொண்டிருந்தது. அறிவிப்பாளர் அம்மாவும் இருந்தார். அந்த ஒரு திங்கள்கிழமை வேன் வந்திருந்தால் போதும். அந்தக் கார்டை இந்தக் கையால் அள்ளி, இந்தக் கையால் கோணியைக் கட்டியிருக்கிறேன். பாட்டுக் கேட்கிறவன் அவன், எழுதுகிறவர்கள் நாங்கள் என்றே நினைத்திருந்தேன். அவனும் எழுதுவான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

கொளுத்தவில்லை. என்னுடையதை எடுத்துக்கொண்டு மற்றவர்களுடையதற்குத் தீ வைக்க மனசு வரவில்லை. கட்டி, ஷெட்டுக்குப் பின்னால் மழை படாத இடத்தில் தள்ளிவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரி கார்டுகளை வாங்கிப் பார்த்தாள். எழுத்தைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் பாட்டா? இது அவனுக்கு ஆகவே ஆகாதே."

மற்ற ரெண்டையும் புரட்டினாள்.

"உங்களுக்காகக் கேட்டிருக்கான்." பிறகு கார்டைத் திருப்பி முகவரியைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். குரல் மாறியது. "எத்தனை மாசமா இது உங்க ஷெட்டுல கிடக்கு?"

"மூட்டையில இருந்துச்சு. நான் எப்படி..."

"யார் கட்டின மூட்டை?"

"நான்தான்."

"கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு என்னைத் தையல்காரம்மா ஜன்னலுக்குக் கீழே நெய்க்கு நிறுத்தியிருக்கீங்க." அழுதாள். அழுதுகொண்டே என் நல்ல சட்டையை எடுத்துத் தேய்த்தாள்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் நான் அவனிடம் என்ன சொல்லவேண்டும் என்று மனசுக்குள் கட்டிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. இத்தனை நாள் அதை அறிவிப்பாளர் அம்மா சொல்லிவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்துவிட்டேன். ஒரே மூச்சில் மூன்று பேர். அவர் வேலையை இப்போது நான் செய்யவேண்டும்.

லாரி ஷெட்டைக் கண்டுபிடிக்கப் பத்து மணி ஆனது. வாசலில் ஒரு காவல்காரர் மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் சணல் கயிறு கட்டிய ரேடியோ. என் வீட்டுக்காரி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது, அதனால்தான் ரேடியோ வேறு ஆளிடம் இருக்கிறது என்று நினைத்துவிட்டாள். நான் அதைக் கையால் காட்டினேன்.

"இது... இந்த ரேடியோ..."

"விசில் கொடுத்தான்" என்றார் அவர். "பாட்டே வர்றதில்ல, நீயே வெச்சுக்கோன்னு தூக்கிக் கொடுத்துட்டான். நீங்க யாரு? அவன் அக்காவா? அட, மூக்கைப் பார்த்தாலே தெரியுதே. லோடு இறக்கப் போயிருக்கான், மத்தியானம் வந்துடுவான். உக்காருங்க."

பழைய டயர் ஒன்றின் மேல் அவள் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். பன்னிரண்டு மணிக்குக் காவல்காரர் ரேடியோவைத் திருகினார். வணக்கம் நேயர்களே. நூறு மைல் தள்ளி, என் கம்பத்திலிருந்து, நான் வெட்டின புல்லுக்கு மேலே ஏறி, இங்கே வந்து இறங்குகிறது. முட்டி.

"நிறுத்துங்கய்யா அதை" என்றேன்.

"ஏன், நல்லாத்தானே சொல்றாரு" என்றார்.

ஒரு மணிக்கு மேல் லாரி வந்தது. பின்னாலிருந்து குதித்தான். கறுத்திருந்தான், தோள் அகன்றிருந்தது. எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றான். அவன் அக்கா எழுந்து ஓடவில்லை. என்னைப் பார்த்தாள். நான் முதலில் பேசவேண்டும் என்று அவள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"ரேடியோவை ஏண்டா கொடுத்தே?"

அதட்டிவிட்டேன். முதல் பேச்சே அதட்டல். என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. என் வீட்டுக்காரி முதுகில் ஒரு குத்து விட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பாட்டு வந்தாத்தானே மாமா" என்றான். "மூணு மாசம் ஞாயித்துக்கிழமை தவறாம கேட்டேன். அந்தாளு பேசி முடிச்சிட்டுக் கடைசியில ஒண்ணாவது போடுவான்னு. போடவே மாட்டேங்குறான். நானும் மூணு கார்டு..." நிறுத்திக்கொண்டான்.

சட்டைப்பையிலிருந்து நாலு கார்டையும் எடுத்து நீட்டினேன். அவனுடையது மூன்று, என்னுடையது ஒன்று. அவன் என்னுடையதை முதலில் படித்தான். என் எழுத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. ரெண்டு தடவை படித்தான்.

"விசில் பாட்டுக்கு ஒரு எழுத்து விட்டுப்போச்சு மாமா."

"நீ ஒழுங்கா எழுதியும்தான் போடலையே" என்றேன். "அன்னைக்கு நான் சோத்தைச் சொன்னது தப்புடா." சொல்லிவிட்டேன். அதோடு நின்றது.

அவன் லாரியின் முன்பக்கம் ஏறி, சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தான். அக்காவிடம் கொடுத்தான்.

"உனக்குப் படியேறினா வலிக்குமே. கேட்டுக் கேட்டு மண்டையில ஏறிடுச்சு. வாங்கி வெச்சேன்."

முட்டி எண்ணெய். மூடியில் எண்ணெய் வைத்தியர் படம். நல்ல சதைப்பிடிப்பாக, சிரித்துக்கொண்டு இருந்தார். என் வீட்டுக்காரி அதைப் பார்த்துச் சிரித்தாளே ஒரு சிரிப்பு, லாரிக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எங்கள் பாட்டையெல்லாம் தின்றது போதாதென்று எங்கள் வீட்டிலேயே ஒரு பாட்டிலும் விற்றுவிட்டானே பாவி என்றுதான் இருந்தது.

பத்து நாள் கழித்து மைதானத்துக்குத் திரும்பிப் போனேன். விட்டுவைத்திருந்த ரெண்டு கொத்துப் புல்லை அடியோடு வெட்டிவிட்டேன். மச்சினன் மாதம் ஒரு முறை லோடோடு வருகிறான், ஒரு நாள் தங்கிவிட்டுப் போகிறான். எண்ணெய் மாடத்தில் இருக்கிறது. அவள் தினமும் தேய்க்கிறாள். வலி அப்படியேதான் இருக்கிறது.